அஸ்திவாரத்துக்கு முன் அட்டவணை

ஔரங்கசீப்பின் தக்காணப் படையில் சேர்ந்த ஒரு குதிரைவீரனின் முகம் எப்படியிருந்தது என்பதை இன்றைக்கும் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நெற்றி அகலமா குறுகலா, புருவங்கள் சேர்ந்தவையா பிரிந்தவையா, எந்தக் கன்னத்தில் மச்சம், எங்கே தழும்பு என்று ஒரு எழுத்தர் குறித்து வைத்திருக்கிறார். கூடவே குதிரையின் நிறமும் அதன் சூட்டுக்குறியும். சம்பள நாளில் ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாது, நல்ல குதிரையைக் காட்டிப் பதிந்துவிட்டு நோஞ்சான் குதிரையோடு போருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியவை இவை. 'அர்ஸ்-ஓ-செஹ்ரா' என்று பெயர். சரித்திரத்துக்காக யாரும் இவற்றை எழுதவில்லை. கணக்குப் பார்க்க எழுதினார்கள். கணக்கு என்பதால் பத்திரப்படுத்தினார்கள்.

இவை ஹைதராபாத் தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் அருகே இருக்கும் தெலங்கானா மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஷாஜகான் காலத்துக் காகிதங்கள் சுமார் 5,000, ஔரங்கசீப் காலத்தவை சுமார் 1,50,000. பேரரசின் அன்றாட நிர்வாகத்தைக் காட்டும் மூலக் காகிதங்கள் இந்த அளவில் வேறெங்கும் கிடைப்பது அரிது. அதர் அலி ஔரங்கசீப்பின் பிரபுக்களைப் பற்றி 1966இல் எழுதிய நூலும், ஜே.எஃப். ரிச்சர்ட்ஸ் கோல்கொண்டாவில் முகலாய நிர்வாகம் பற்றி 1975இல் எழுதிய நூலும் இந்தக் கட்டுகளிலிருந்து பிறந்தவை. காப்பகத்தின் மிகப் பழைய ஆவணம் 1406ஆம் ஆண்டைச் சேர்ந்த பாமினி சுல்தான் ஃபிரோஸ் ஷாவின் ஃபர்மான் (அரசாணை). மொத்தம் சுமார் 4.3 கோடி ஆவணங்கள் என்பது காப்பகத்தின் கணக்கு. ஐந்தில் நான்கு பங்கு பாரசீகத்திலும் உருதுவிலும்.

இவ்வளவையும் தாங்கி நிற்பது 1960களின் அரசுக் கட்டடம். அடுத்த கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி. இத்தகைய பேச்சு நம் நாட்டில் எப்படிப் போகும் என்பதும் தெரிந்ததே: எத்தனை மாடி, எத்தனை கோடி, முகப்பில் சார்மினார் வளைவு வைக்கலாமா. என் கருத்து, கட்டட வரைபடம் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய காரியம். முதலில் வர வேண்டியது அட்டவணை: எந்தக் கட்டு எங்கே இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, எந்த அலுவலகத்தில் பிறந்தது, எந்த நிலையில் உள்ளது என்ற பட்டியல். ஏனென்றால் ஓர் ஆவணக் காப்பகம் பெரும் நஷ்டத்தைச் சந்திப்பது இடம் மாறும்போதுதான். ஹைதராபாத்தின் காகிதங்களோ மாறி மாறி அலைந்தவை.

முகலாயர்களின் தக்காணத் தலைநகரம் ஔரங்காபாத். நிஜாம்களின் ஆசஃப் ஜாஹி வம்சம் 1763 வாக்கில் தலைநகரை ஹைதராபாத்துக்கு மாற்றியபோது பழைய படைக் கணக்குகள் ஔரங்காபாத் கோட்டையிலேயே கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அவை ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் எத்தனை கட்டுகள் அவிழ்ந்தன, எத்தனை கலந்தன என்பதற்குச் சாட்சி இல்லை.

ஹைதராபாத்தின் சொந்தக் கணக்குகளின் கதை இன்னும் சுவாரசியமானது. நிஜாம் அரசின் வருவாய்ப் பதிவுகள் நெடுங்காலம் இரண்டு தஃப்தர்களாக, அதாவது பதிவு அலுவலகங்களாகப் பிரிந்து, இரண்டு பரம்பரைக் குடும்பங்களின் கையில் இருந்தன. தஃப்தர்-ஏ-மால், மால்வாலா என்ற காயஸ்தக் குடும்பத்திடம். தஃப்தர்-ஏ-திவானி, ராய் ராயன் என்ற மராட்டிய பிராமணக் குடும்பத்திடம். யாருக்கு எந்த ஜாகீர், எந்தக் கிராமம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கு ஆதாரம் இவர்கள் வீட்டில். நிஜாமே கேட்டாலும் இவர்கள் தேடி எடுத்துத் தந்தால்தான் உண்டு. காகிதத்தை வைத்திருப்பதே அதிகாரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதலாம் சாலார் ஜங் 1853இல் திவானாகி, நிர்வாகத்தைச் சீர்திருத்தும்போது இந்தப் பிடியைத் தளர்த்தினார். பதிவேடுகள் மெல்ல மெல்ல அரசின் பொறுப்புக்கு வந்தன. (இந்தக் குடும்பங்களின் வரலாற்றைக் கேரன் லெனார்டு 1978இல் ஹைதராபாத் காயஸ்தர்களைப் பற்றிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நிர்வாக வரலாறு அலுப்பூட்டும் என்று நினைப்பவர்கள் படித்துப் பார்க்கலாம்.)

பிறகு 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1956இல் ஹைதராபாத் மாநிலமே மூன்றாக உடைந்தது: மராட்டியப் பகுதி பம்பாய்க்கு, கன்னடப் பகுதி மைசூருக்கு, தெலங்கானா ஆந்திரத்தோடு. 2014 ஜூன் 2இல் மறுபடி ஒரு பிரிவினை. நிலத்தைப் பிரிப்பதுபோல ஆவணத்தையும் பிரிக்க முடியுமா? பீதரும் குல்பர்காவும் ஔரங்காபாத்தும் தெலங்கானா மாவட்டங்களும் ஒரே பேரேட்டில், ஒரே எழுத்தரின் கையெழுத்தில் அடுத்தடுத்து வருகின்றன. பக்கத்தைக் கிழித்து அந்தந்த மாநிலத்துக்குக் கொடுப்பதா? பிரான்சில் 1841இலேயே இதற்கு ஒரு விதி வகுத்தார்கள்: எந்த அலுவலகத்தில் உருவானதோ அந்தத் தொகுதியாகவே வைத்திரு, பொருள் பார்த்தோ ஊர் பார்த்தோ கலைக்காதே. உலகக் காப்பகங்களெல்லாம் இன்று ஏற்கும் அடிப்படை அதுதான். நம் மாநிலப் பிரிவினைகள் அதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கின்றன. 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தபோதும் இதே இழுபறிதான். கடற்கரை மாவட்டங்களைப் பற்றி ஆராய்கிறவர் இன்றும் சென்னை எழும்பூர்க் காப்பகத்துக்கும் ஹைதராபாத்துக்குமாக அலைய வேண்டியிருப்பது அதனால்தான்.

வரிசை ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு முகலாயச் சம்பள ரசீதைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு முத்திரை. தொகைகூட எண்ணாக இருக்காது; 'சியாக்' என்ற கணக்கர் குறியீட்டில், அரபுச் சொற்கள் சுருங்கித் திரிந்த கிறுக்கல்களாக இருக்கும். தேதி ஹிஜ்ரியிலோ மன்னர் பட்டமேறிய ஆண்டிலோ வரும். நிஜாம் காலத்துக்கு வந்தால் பசலி ஆண்டு, அதில் ஆசூர், தை, பஹ்மன் என்று ஈரானிய மாதங்கள். பசலி நமக்கு அன்னியமில்லை. தமிழ்நாட்டு வருவாய்த் துறை இன்றும் ஜமாபந்தியைப் பசலிக் கணக்கில்தான் நடத்துகிறது, 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆனால் ஆண்டே எழுதாத ஒரு துண்டுச் சீட்டுக்கு, அது எந்தக் கட்டில் எந்தச் சீட்டுக்கு அடுத்து இருந்தது என்பதே தேதி. கட்டு கலைந்தால் காகிதம் பிழைத்திருக்கும். அதன் பொருள் போய்விடும்.

ஆகவே லாரி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பஸ்தாவுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் பழைய அலமாரி இடமும் புதிய அலமாரி இடமும் தேவை. பஸ்தா என்பது துணியில் சுற்றிக் கட்டிய கட்டு. துணியை மாற்றலாம், அட்டைப் பெட்டிக்கு மாற்றலாம். அந்தப் பழந்துணியில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தூக்கி எறியாமலிருக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே' என்று ஒருவர் சொல்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4.3 கோடி ஆவணத்துக்கும் ஒவ்வொரு பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் பல மடங்கு இருக்கும். நாளுக்கு 10,000 பக்கம், ஆண்டுக்கு 250 வேலை நாள். 17 ஆண்டுகள் ஆகும். பாதுகாப்புத் தரத்தில் ஒரு படம் 50 மெகாபைட் என்றால் இரண்டாயிரம் டெராபைட்டுக்கு மேல் சேமிக்க வேண்டும், அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கோ நாடாவுக்கோ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தெலங்கானா அரசு 2022இல் ஈரானிய அமைப்பான நூர் சர்வதேச மைக்ரோஃபிலிம் மையத்தோடு ஒப்பந்தம் செய்து பாரசீக ஆவணங்களைச் செப்பனிடவும் மின்னாக்கவும் ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களோடு சேர்ந்து செய்வது அதைவிட நல்லது. ஆனாலும் பட்டியலில்லாத படம், பட்டியலில்லாத காகிதத்தைவிட ஒரு விதத்தில் மோசம். காகிதத்தைத் தேடிப்போனால் பக்கத்துக் கட்டாவது கண்ணில் படும்.

இனி கட்டடத்துக்கு வரலாம். ஹைதராபாத்தின் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும், காற்று காய்ந்து கிடக்கும். ஜூலையில் ஈரம் ஏறிவிடும். காகிதத்துக்குச் சூட்டைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் எமன். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி நாரெல்லாம் தளர்ந்துவிடும். ஈரப்பதம் அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் மருந்து குளிர்சாதனம். நம்மூரில் அது காலை பத்துக்கு ஓடி மாலை ஐந்துக்கு நிற்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓய்வெடுக்கும். அப்படி ஓடும் குளிர்சாதனம் இல்லாமலே இருக்கலாம். ஏற்ற இறக்கத்தை அது தினசரி நிகழ்ச்சியாக்கிவிடுகிறது.

தடித்த சுவர், சிறிய சன்னல், வெப்பத்தை மெல்ல உள்வாங்கி மெல்ல விடும் கட்டுமானம் என்று பழைய வழி ஒன்று உண்டு. 1909இல் எழும்பூரில் எழுந்த சென்னை ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடம் அந்தக் காலத்து அறிவில் பிறந்தது. ஐரோப்பாவும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கிறது. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் 2015இல் திறந்த காப்பகம், இயந்திரத்தைக் குறைத்துச் சுவரையும் காற்றடைப்பையும் நம்பிக் கட்டியது. ஐரோப்பாவில் இதற்கு முன்னோடி ஜெர்மனியின் கோலோன் நகர ஆவணக் காப்பகம். 1971இல் தடித்த செங்கல் சுவரோடு கட்டிய அது, இயற்கையாகவே தட்பவெப்பத்தைச் சீராக வைத்திருப்பதாக உலகம் முழுவதும் பாடமானது.

அந்தக் கட்டடம்தான் 2009 மார்ச் 3 அன்று சில நிமிடங்களில் இடிந்து விழுந்தது. பக்கத்தில் சுரங்க ரயில் பாதைக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அண்டை வீடுகளில் இரண்டு பேர் இறந்தார்கள். சுமார் 30 கிலோமீட்டர் அலமாரி நீளமுள்ள ஆவணங்கள் நிலத்தடி நீரிலும் இடிபாட்டிலும் புதைந்தன. பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், நனைந்தவற்றை உறையவைத்து உலர்த்தினார்கள். எந்தத் துண்டு எந்தத் தாளோடு சேரும், எந்தத் தாள் எந்தத் தொகுதியோடு சேரும் என்று பொருத்தும் வேலை பல பத்தாண்டுகள் நீளும். 2021இல் புதிய கட்டடம் திறந்தார்கள். சுவரை எவ்வளவு சிந்தித்துக் கட்டினாலும், வேலிக்கு வெளியே யார் என்ன தோண்டுகிறார்கள் என்பதும் காப்பகத்தின் கவலை. தார்நாகாவில் மெட்ரோ தூண்மேல் போகிறது, அந்த மட்டில் நிம்மதி. புது இடம் தேடும்போது அடுத்த முப்பது ஆண்டுக்கான நகரத் திட்ட வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி ஹைதராபாத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பொங்கி ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார்கள், உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் வந்தன. 2020 அக்டோபரில் ஏரிகள் உடைந்து தெருவெல்லாம் ஆறானது. அடித்தளத்தில் ஆவண அறை கூடாது, கூரைக்கு நேர் கீழேயும் கூடாது, கழிவறைக் குழாய் அடுக்கறை வழியே போகக் கூடாது. சொல்வதற்கே கூச்சமாக இருக்கும் அளவுக்கு எளிய விதிகள், மீறப்படுவதும் இவைதான்.

பாரத்தை யாரும் நினைப்பதில்லை. சாதாரண அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ தாங்கும்படி கட்டுவார்கள். அடுக்கறைக்குக் குறைந்தது 600 கிலோ தேவை. தண்டவாளத்தில் நகரும் காம்பாக்டர் அடுக்குகள் என்றால் ஒரு டன்னுக்கு மேல். இடம் மிச்சம் என்று காலியான அரசுக் கட்டடம் ஒன்றைக் கொடுத்து, அதில் காம்பாக்டர் மாட்டச் சொன்னால் விரிசல்தான் மிஞ்சும். தீயைப் பொறுத்தவரை 2012 ஜூனில் மும்பை மந்திராலயம் எரிந்ததே போதுமான எச்சரிக்கை. தடுப்புச் சுவர்களால் சிறு சிறு அறைகளாகப் பிரித்தால் ஓர் அறை போனாலும் மற்றவை தப்பும். விசாலமான ஒற்றைக் கூடம் திறப்பு விழாப் படத்துக்கு அழகு, தீக்கு அதைவிட அழகு.

காகிதத்திலும் ஒரு முரண் உண்டு. ஔரங்கசீப் காலத்துக் காகிதம் துணிக் கந்தலில் கையால் செய்தது. கரியில் காய்ச்சிய மை காகிதத்தை அரிப்பதில்லை. தண்ணீர் பட்டால்தான் கரையும். 1940களின் கோப்புகளோ மரக்கூழ்க் காகிதம். உள்ளேயே அமிலம், மடித்த இடத்தில் அப்பளமாக உடைகிறது. ஆக, வயது குறைந்தவைதான் முதலில் சாகக் கிடக்கின்றன. மருத்துவமும் சில சமயம் நோயானது. ஐம்பதுகளிலிருந்து நம் காப்பகங்கள் செல்லுலோஸ் அசிடேட் தாளை அசிடோனால் ஒட்டிப் பக்கங்களைக் காத்தன. அன்றைக்கு அது பெருமைக்குரிய இந்திய முறை. அந்தத் தாள் மஞ்சளாகி இறுகும்போது பிரிப்பது பெரும்பாடு. புதிய கட்டடத்தில் செப்பனிடும் கூடத்துக்கு மூலையில் ஓர் அறை ஒதுக்கினால் போதாது. வெளிச்சமும் காற்றோட்டமும் சுத்தமான தண்ணீரும் உள்ள ஒரு தளமே வேண்டும். வந்து சேரும் கட்டுகளைப் பூச்சிக்காகத் தனிமைப்படுத்தும் அறை அதற்கும் முன்னால், வாசலிலேயே இருக்க வேண்டும்.

இத்தனையும் கட்டிவிடலாம். ஷிகஸ்தா வாசிக்கிறவர் கிடைப்பாரா? ஷிகஸ்தா என்பது அலுவலக எழுத்தர்களின் அவசரக் கையெழுத்து. புள்ளிகள் விழுந்துபோகும், எழுத்துகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும். 1880களில் நிஜாம் அரசு பாரசீகத்தை விட்டு உருதுவுக்கு மாறியது. அதன் பின் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டாக இந்த எழுத்தைப் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தஞ்சாவூர் மராட்டியரின் மோடி எழுத்து ஆவணங்கள் நம் வீட்டிலேயே இதே கதை. வாசிக்கத் தெரிந்த ஓரிருவர் ஓய்வு பெற்றால் கட்டுகள் ஊமையாகிவிடும். செலவுத் திட்டத்தில் கண்ணாடி முகப்புக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைக் கல்வி உதவித்தொகையாக்கி, பக்கத்திலேயே இருக்கும் உஸ்மானியாவின் மாணவர்களுக்கு ஷிகஸ்தாவும் சியாக்கும் கற்றுக்கொடுத்துப் பணியிடமும் தரலாம். பத்தாண்டில் பத்துப் பேர் தேறினால்கூட அது கட்டடத்தைவிடப் பெரிய சொத்து. தமிழ் வாசகருக்கு நிஜாம் காலத்து இறுதி நாட்கள் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வழியாகத்தான் அறிமுகம். அவர் செகந்திராபாத்தில் பிறந்தவர், கண்ணால் கண்டவர். அந்த நாவலில் ஒரு மாணவன் தெருவில் பார்ப்பதன் மறுபக்கம், கொத்தவால் அறிக்கையாகவும் ரேஷன் உத்தரவாகவும் உருதுவில் எங்கோ ஒரு கட்டில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வாசிக்கக்கூடிய தமிழர் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1993இன் பொது ஆவணங்கள் சட்டம், 25 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகளைத் துறைகள் இஷ்டத்துக்கு அழிப்பதைத் தடுக்கிறது. ஆனால் அது மத்திய அரசுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும்தான். மகாராஷ்டிரம் 2005இலும் கர்நாடகம் 2010இலும் தங்களுக்கென்று சட்டம் செய்துகொண்டன. எந்தத் துறை எந்த ஆண்டு எதை ஒப்படைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாத காப்பகம், கொடுத்ததை வாங்கி வைக்கும் கிடங்காகிவிடும். ஹைதராபாத்தில் பழைய தலைமைச் செயலகத்தை 2020இல் இடித்து, புதியதை 2023 ஏப்ரலில் திறந்தார்கள். நடுவில் துறைகள் வேறு கட்டடங்களில் குடியிருந்தன. அப்படியொரு குடிபெயர்ச்சியில் எது காப்பகத்துக்கு, எது எடைக்கு என்று தீர்மானிக்கக் காப்பகத்தின் ஆள் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம்தான் சொல்ல முடியும். இனி வரும் கோப்புகள் காகிதத்திலேயே பிறக்காதவை. அவற்றை வாங்கும் வாசல் வேறு மாதிரியானது.

இடத்தேர்வில் ஒரு சபலம் காத்திருக்கிறது. தார்நாகா நிலத்தின் விலை ஏறிவிட்டது. வெளிவட்டச் சாலைக்கு அப்பால் பெரிய மனையாகக் கொடுக்கிறோம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் அதிகம் கேட்கப்படாத பதிவுகளைச் செஷயர் உப்புச் சுரங்கத்தில் வைத்துவிட்டு, வாசிப்பறையை லண்டனின் கியூவில் நடத்துகிறது. அதுபோல அடுக்கறை வெளியூரில், வாசிப்பறை தார்நாகாவில் என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. முகலாயத் தொகுதி மட்டும் வாசிப்பறையை விட்டு அகலக் கூடாது.

வாசிப்பறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆய்வாளர்கள் அல்ல. இனாம் நிலம், ஜாகீர், பாய்கா, வக்ஃப் என்று தாத்தா காலத்து முந்தகப் என்ற உரிமைச் சான்றின் நகல் கேட்டு வருகிற குடும்பங்களும், அவர்களின் வக்கீல்களும், தரகர்களும் உண்டு. நிலம் ஏக்கர் கோடிக்கணக்கில் போகும் ஊரில், ஒரு பழைய காகிதத்தில் ஒரு சர்வே எண்ணைச் சேர்க்கவோ ஒரு தாளை உருவவோ ஆசைப்படுவதற்குக் காரணம் வேண்டியதில்லை. ஆகவே சான்றிட்ட நகல் கேட்பவர்களுக்கு ஒரு வாசல், ஆய்வாளர்களுக்கு ஒரு வாசல் என்று பிரிக்க வேண்டும். வழக்கில் அடிபடும் தொடர்களை எல்லாவற்றுக்கும் முன்னால் படமெடுத்து, மூலத்தை வெளியே எடுக்காமல் நகலைத் தர வேண்டும். சில நாடுகளில் செய்வதுபோல, கட்டைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்ளலாம். அதற்கான தராசு சில ஆயிரம் ரூபாய்தான். ஒவ்வொரு கட்டின் எடையையும் எழுத அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்.